தேங்க்ஸ் சொல்லு, கண்ணு!

நவம்பர் மாதம் நியூஜெர்ஸியிலோ டல்லாஸிலோ மகள் வீட்டில் இருக்கப் போகிறீர்களா? உங்களுக்கு ஒரு உத்தியோகம் தயாராக இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் லேப்டாப்புக்குள் தலையை விட்டிருக்க, நாலு வயசுப் பேரன் நூலகத்திலிருந்து வந்த ஒரு கட்டுப் படப்புத்தகத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் மடியில் உட்காருவான். அட்டையில் வான்கோழி. இல்லாவிட்டால் பரங்கிக்காய். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நன்றி. சூடான பாலுக்கு நன்றி, மெத்தைக்கு நன்றி, நாய்க்குட்டிக்கு நன்றி, மழைக்கு மாட்டுகிற பூட்ஸுக்குக்கூட நன்றி.

தேங்க்ஸ்கிவிங் சீசன். நவம்பர் நான்காவது வியாழக்கிழமைக்காக எழுதி, வரைந்து, வழவழ தாளில் அச்சடித்த சரக்கு. படங்கள் ரொம்ப அழகாக இருக்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எதில் என்றால், இந்தப் புத்தகங்களில் நன்றி நிரம்பி வழிகிறதே தவிர, யாருக்கு என்பது இருக்காது. விலாசம் எழுதாமல் தபால் பெட்டியில் போட்ட கடுதாசி மாதிரி. மேஜை மேல் பரங்கிக்காய் இனிப்பு இருக்கும். அந்தப் பரங்கிக்காயை எவன் பறித்தான் என்று இருக்காது. வான்கோழி இருக்கும், அதை வளர்த்தவன், வெட்டியவன், உறைபனி அறையில் நின்று துண்டு போட்டவன் ஒருத்தனும் படத்தில் இல்லை. எல்லாம் வானத்திலிருந்து விழுந்தது, நாம் பாக்கியசாலிகள், ஆகவே தேங்க்ஸ். இதைப் படித்து வளரும் பிள்ளைக்கு வருவது நன்றியுணர்ச்சியா? எனக்கென்னவோ, 'நமக்கு எல்லாம் இருக்கிறது' என்கிற திருப்திதான் வரும் என்று தோன்றுகிறது. அதற்கு வேறு பெயர் உண்டு.

நம் வார்த்தையையே பாருங்களேன். திருக்குறளில் 11-வது அதிகாரத்துக்குத் தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. பள்ளிக்கூடத்தில் தலைகீழாக ஒப்பித்திருப்பீர்கள். அங்கே நன்றி என்றால் தேங்க்ஸ் அல்ல. ஒருத்தர் நமக்குச் செய்த நல்லது. அதை அறியணும் என்கிறார் வள்ளுவர். சொல்லணும் என்பது தலைப்பிலேயே இல்லை. யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், அவர்களுக்கு என்ன செலவாயிற்று என்று தெரிந்துகொள்வதுதான் விஷயம். தெரியாமல் சொல்கிற தேங்க்ஸ், தும்மினால் 'நூறு' என்கிறோமே, அந்த ஜாதி.

1976-ல் ஜீன் பெர்கோ கிளீசன், சாண்ட்ரா வைன்ட்ராப் என்ற இரண்டு பெண்மணிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹாலோவீன் ராத்திரி வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகள் பேசுவதை அப்படியே பதிவு செய்து ஆராய்ந்தது. வாசலில் நிற்கும் அம்மாக்கள் விடாமல் 'சொல்லு, சொல்லு' என்று முடுக்குகிறார்கள். வார்த்தை வாயிலிருந்து வந்தால் போதும். அதற்கு என்ன அர்த்தம், ஏன் சொல்கிறோம் என்று விளக்குவதாகக் காணோம். நாமும் அதைத்தானே செய்கிறோம்? மாமா சாக்லேட் நீட்டிய மறு விநாடி, 'என்ன சொல்லணும்?' பிள்ளை முழிக்கும். 'என்ன சொல்லணும் கண்ணு?' கடைசியில் ஒரு முனகல். எல்லோருக்கும் சந்தோஷம். மாமாவைத் தவிர்த்து, அவருக்கு பஸ் நேரமாகிவிட்டது.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். படப்புத்தகத்தில் கதை இப்படி இருக்கும்: கப்பலில் வந்த பில்கிரிம்ஸ் பாவம் பசியில் வாடினார்கள், நல்ல செவ்விந்தியர்கள் சோளம் நடச் சொல்லிக் கொடுத்தார்கள், அறுவடை ஆனதும் எல்லோரும் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். முற்றும்.

அந்த விருந்துப் படத்தில் பேரனின் விரலைப் பிடித்துத் தலைகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர் பந்தி நிறைய இருப்பார்கள். ஓரத்தில் இறகு வைத்த இரண்டு மூன்று பேர். நிஜத்தில் 1620-ல் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போயிருந்தார்கள். 1621 விருந்துக்கு வாம்பனோக் தலைவர் மாஸஸாய்ட் சுமார் 90 ஆட்களோடு வந்தார் என்று, அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர்கள் ஐந்து மான்களையும் வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதாவது பந்தியில் பெரும்பான்மை அவர்கள்தான்; கறியிலும் கணிசமான பங்கு அவர்களுடையது. படத்தில் மட்டும் ஓரம். அந்த நீள இறகுக் கிரீடமும் வாம்பனோக்குகளுடையது இல்லை, மேற்கே சமவெளியில் வாழ்ந்த வேறு மக்களுடையது. நம்ம ஊர்க் கல்யாணத்தை வரைகிறேன் என்று மாப்பிள்ளைக்குப் பஞ்சாபித் தலைப்பாகை கட்டின கதை.

சோளம் நடச் சொல்லிக் கொடுத்தவர் பெயர் டிஸ்குவாண்டம். புத்தகங்களில் ஸ்குவாண்டோ. 'நல்ல நண்பன், இங்கிலீஷ் பேசுவான்' என்று ஒரு வரி போட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நாலு வயசுப் பிள்ளைதான் உடனே கேட்கும்: "அவருக்கு எப்படி இங்கிலீஷ் தெரியும் தாத்தா?"

எப்படித் தெரியும்? 1614-ல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரன் இருபதுக்கு மேற்பட்டவர்களோடு சேர்த்து அவரையும் கடத்திக்கொண்டு போனான். ஸ்பெயினில் மாலகா துறைமுகத்தில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து தப்பி, இங்கிலாந்து போய், எப்படியோ 1619-ல் சொந்த ஊரான பட்டுக்செட்டுக்குத் திரும்பினால் ஊரே இல்லை. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த நோயில் அத்தனை பேரும் போய்விட்டார்கள். அந்தக் காலி ஊரின் மேல்தான், ஏற்கெனவே திருத்தி வைத்திருந்த நிலத்தில்தான், அடுத்த வருஷம் பிளிமத் குடியிருப்பு எழுந்தது. தன் ஊர் இருந்த இடத்தில் குடியேறியவர்களுக்கு அந்த மனுஷன் சோளம் நடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நன்றி அறிய வேண்டுமானால் இதை அறியணும். இதை விட்டுவிட்டு மெத்தைக்கும் பூட்ஸுக்கும் தேங்க்ஸ் சொல்லி என்ன பிரயோஜனம்?

நன்றி எப்படித் திருப்பிச் செலுத்தப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; பேரனுக்கு வேண்டாம், உங்களுக்கு. விருந்து முடிந்து 55 வருஷம். 1676-ல் மாஸஸாய்ட்டின் மகன் மெட்டாகம் போரில் கொல்லப்பட்டார். அவர் தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி, இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 1970-லிருந்து ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தில் பூர்வகுடிகள் கூடி துக்க நாள் அனுசரிக்கிறார்கள் என்றால் சும்மாவா?

"பச்சைக் குழந்தைகிட்டே போய் ரத்தக்கதையா சொல்வாங்க?" என்று மகள் கோபிப்பாள். நியாயம்தான். தலை, கம்பம் எல்லாம் வேண்டாம். ஆனால், அந்த மக்களுக்குப் பெயர் உண்டு, இன்றைக்கும் மாஸசூஸெட்ஸில் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வதில் என்ன ரத்தம்? ஓநாய் பாட்டியை முழுங்குகிற கதையைப் படித்துக் காட்டிவிட்டுத் தூங்கவைக்கிற நமக்கு, இதில் மட்டும் என்ன திடீர் மென்மை?

நல்ல புத்தகங்கள் இல்லாமல் இல்லை. மோஹாக் தலைவர் ஜேக் ஸ்வாம்ப் எழுதி 1995-ல் வந்த 'கிவிங் தேங்க்ஸ்' ஒன்று. அவர்கள் மரபில் கூட்டங்களின் தொடக்கத்தில் சொல்கிற உரையைக் குழந்தைகளுக்காகச் சுருக்கியது. தண்ணீர், புல், பழம், மிருகம், மரம், பறவை, காற்று, இடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நன்றி சொல்வார்கள். மொத்தமாக 'எல்லாத்துக்கும் தேங்க்ஸ்' என்று தள்ளிவிடுவது கிடையாது. வருஷத்துக்கு ஒரு வியாழக்கிழமை என்பதும் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுகிற கூட்டத்தில் பிறந்த உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ட்ரேசி சொரெல் எழுதிய 'வீ ஆர் கிரேட்ஃபுல்' 2018-ல் வந்தது. செரோக்கி குடும்பங்களின் நாலு பருவங்கள். பட்டாளத்துக்குக் கிளம்புகிற உறவினரை வழியனுப்புவதும் அதில் இருக்கிறது. கஷ்டத்தைத் துடைத்துவிட்டு நன்றி சொல்லவில்லை. பிளிமத் கதையேதான் வேண்டுமென்றால் 2022-ல் வந்த 'கீபுனுமுக்'. எழுதிய மூவரில் ஒருவர் வாம்பனோக் பெண்மணி. பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரியே போகும். உங்கள் ரோல்தான்.

ஆனால் என் ஓட்டு, நன்றி உபதேசமே பண்ணாத ஒரு புத்தகத்துக்கு. டேவ் பில்கி 1990-ல் எழுதியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வான்கோழிப் பண்ணைக்குச் சுற்றுலா போகிறார்கள். வான்கோழிகளோடு விளையாடுகிறார்கள். அப்புறம்தான் கோடாலியைப் பார்க்கிறார்கள். ஓவென்று அழுகை. சாயங்காலம் திரும்புகிறபோது ஒவ்வொரு பிள்ளையும் வரும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் குண்டாக இருக்கிறது. சட்டைக்குள் வான்கோழி! மறுநாள் வீட்டுக்கு வீடு கறியில்லாத விருந்து, வான்கோழிகளே விருந்தாளி. நாம் சாப்பிடுவது ஒரு உயிர் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பார்த்தார்கள், தெரிந்துகொண்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதைப் புதன்கிழமை ராத்திரி படித்துக் காட்டினால், வியாழன் மத்தியானம் மேஜையில் பேரன் கேள்வி கேட்பான். நீங்கள் சைவமாக இருந்தால் தப்பித்தீர்கள். பதில் சொல்ல வேண்டியவர் கையில் கத்தியோடு நிற்கிற மாப்பிள்ளை.