டாக்டரம்மா பதில்கள்: ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘நிச்சயமில்லை’ என்றால்?

“எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள். வெள்ளைப்படுதலுக்காக டாக்டரிடம் போனபோது பாப் ஸ்மியர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்று போட்டிருக்கிறது. லேபில் கேட்டால், ‘டாக்டரைப் பாருங்க’ என்கிறார்கள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. கேன்சர்தானா? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.”
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள், அம்மா. அந்த எழுத்துக்களுக்குக் கேன்சர் என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் சில வழக்கம் போல் இல்லை. ஏன் என்று மைக்ராஸ்கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான். லேப்கள் எல்லாம் ஒரே பாஷையில் ரிப்போர்ட் எழுதட்டும் என்று 1988-ல் அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரில் நிபுணர்கள் கூடி வகுத்த முறையில் வந்த பெயர் இது. ஸ்மியரில் தெரியும் மாறுதல்களில் அதிகம் காணப்படுவதும் இதுதான்.

உங்கள் வெள்ளைப்படுதலுக்குக் காரணமான தொற்றே செல்களை இப்படிக் காட்டியிருக்கலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அங்கே உண்டாகும் வறட்சியாலும் வரும். ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இன்னொரு காரணம். சிலருக்குக் கேன்சருக்கு முந்தைய மாறுதலும் இருக்கக்கூடும். ஆகவே ரிப்போர்ட்டை பீரோவில் புடவைக்கடியில் ஒளித்து வைத்துவிடாதீர்கள்!

அடுத்து ஹெச்.பி.வி. பரிசோதனை. அதில் வைரஸ் இல்லை என்று வந்தால், மூன்று வருஷம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இருக்கிறது என்றால் கால்போஸ்கோப்பி: பூதக்கண்ணாடி போன்ற கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து அனுப்புவார்கள். ஆபரேஷன் அல்ல, அன்றைக்கே வீடு திரும்பலாம். ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு வசதியில்லாத ஊரானால், ஒரு வருஷத்தில் மறுபடி ஸ்மியர்.

“ஒரு வருஷமா! அதற்குள் முற்றிவிடாதா?” என்பீர்கள். இந்த வைரஸ் வந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிட்டாலும், கேன்சராக மாறுவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷமாவது பிடிக்கும்.

வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்குகிறீர்கள். ஹெச்.பி.வி. தாம்பத்திய உறவில் தொற்றுவது என்பதால், “யாரால் வந்தது?” என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது, என் அறையிலேயே அழுத பெண்கள் உண்டு. இந்த வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்டாது. அதை வைத்து ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது வீண். அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், டாக்டரே சொல்லட்டும்.

மற்ற வாசகிகளுக்கு ஒன்று: கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ‘ஏ.எஸ்.சி.-ஹெச்.’ என்றிருந்தால் காத்திருக்காமல் நேரே கால்போஸ்கோப்பிக்குப் போக வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் என்று இருந்தால், ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வெள்ளைப்படுதலுக்கான சிகிச்சையை முடித்துவிடுங்கள். மறுபடி ஸ்மியர் எடுக்க நேர்ந்தால், விலக்கு நாட்களில் வேண்டாம். முந்தின இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மாத்திரையும் கூடாது. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.