"வரியை ஏத்தாதே, செலவைக் குறை"ன்னா, யாரோட செலவைங்க?

1/ போன வாரம் கிளினிக்குக்கு ஒருத்தர் வந்தார். கணபதி பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கார். பிரஷர் 170. "கரண்ட் பில்லும் ஏறிப்போச்சு, வீட்டு வரியும் ஏறிப்போச்சுங்க டாக்டர். கவர்மெண்டு செலவைக் குறைச்சா என்னங்க?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா பதில் நீளம், அதனால இழையா எழுதறேன்.

2/ அவர் கோபத்துல பாதி சரி. கட்டணத்தை ஏத்தின விதம் தப்பு. ஆனா "செலவைக் குறை"ங்கிற மீதிப் பாதி ஆபத்து. ஏன்னா செலவை ஏற்கெனவே குறைச்சுட்டுத்தான் இருக்காங்க. யாரும் அறிவிக்கறதில்ல, அவ்வளவுதான். அதை நான் வார்டுல நின்னு பார்த்திருக்கேன்.

3/ முதல்ல ஏத்தின விதம். சொத்து வரி: சென்னையில 1998க்கு அப்புறமும், கோவை மாதிரி மத்த ஊர்கள்ல 2008க்கு அப்புறமும் தொடவே இல்ல. 2018ல அதிமுக அரசு ஏத்துச்சு. 2019 நவம்பர்ல, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது நிறுத்தி வச்சாங்க.

4/ திமுக அரசு மட்டும் என்ன பண்ணுச்சு? 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஓட்டு வாங்கி ஆறு வாரம் கழிச்சு, ஏப்ரல் 1ஆம் தேதி வரி உயர்வு அறிவிப்பு. கோவையில 600 சதுர அடிக்குள்ள இருக்கற வீட்டுக்கு 25%, 1,800க்கு மேல 100%. கடைகளுக்கும் 100%. ஓட்டு கேட்டு வந்தப்ப இதை யாராவது சொன்னாங்களா?

5/ மின்சாரம்? 2014 டிசம்பர்ல ஏத்தினது, அப்புறம் 2022 செப்டம்பர். நடுவுல எட்டு வருஷம். பஸ் கட்டணம்? 2011 நவம்பர், அப்புறம் 2018 ஜனவரி. அப்ப காலேஜ் பசங்க ரோட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். கட்சி மாறுது, பழக்கம் மாறல. வருஷக்கணக்கா தொடாம விட்டுட்டு ஒரே நாள்ல தலையில போடறது.

6/ எனக்கு இது தினமும் பார்க்கற கேஸ். சுகர் 250 இருக்கும். "மாத்திரை வேண்டாமுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்"பாங்க. எட்டு வருஷம் கழிச்சுக் கால்ல ஆறாத புண்ணோட வருவாங்க. அன்னிக்கு விரலை எடுக்கணும்னு சொல்ற டாக்டர் கெட்டவன். மாத்திரை வேண்டாம்னு தலையாட்டின டாக்டர் நல்லவன். நம்ம அரசியல்லயும் இதே கதைதான்.

7/ அந்த எட்டு வருஷம் சும்மா போகல. மின்வாரியக் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டுச்சு. 2021 ஆகஸ்ட் 9ல நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டார். ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக் கடன்னு கணக்கு சொன்னார். ஏத்தாம விட்ட கட்டணம் நமக்கு மிச்சம் ஆகல. கடனாகி, வட்டியோட நிக்குது.

8/ ஆனா அதைச் சரி பண்றேன்னு எங்க கை வச்சாங்க? பட்டறையில. கிலோவாட்டுக்கு மாசம் 35 ரூபாயா இருந்த நிலைக் கட்டணம், 50 கிலோவாட்டைத் தாண்டின இணைப்புக்கு 150 ஆச்சு. ஆர்டர் இல்லாம மெஷின் படுத்துக் கிடந்தாலும் இதைக் கட்டணும். லாபத்துக்கு வரி சரி. சும்மா நிக்கற மெஷினுக்கு என்னங்க வரி?

9/ 2023 செப்டம்பர் 25ல சிறு குறு தொழில்காரங்க ஒரு நாள் கதவைச் சாத்தினது வீம்புக்கு இல்ல. அதுக்கப்புறம்தான் பீக் அவர் கட்டணம் 25%ல இருந்து 15% ஆச்சு. கத்தினவங்களுக்குக் கொஞ்சம் கிடைச்சுது. இந்த இடத்தைக் கவனிங்க: கத்தத் தெரிஞ்சவங்களுக்குக் கிடைச்சுது.

10/ கத்த முடியாதவங்க? இப்ப செலவுக் குறைப்புக்கு வரேன். 2015ல தேர்வு வாரியம் மூலமா பரீட்சை வச்சு செவிலியர்களை எடுத்தாங்க. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு. ஆகல. 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல உட்கார்ந்து போராடினாங்க. அது அதிமுக ஆட்சி.

11/ கொரோனாவுல ஒப்பந்தத்துல எடுத்த செவிலியர்கள் ரெண்டாயிரம் பேருக்கு மேல. நாம கை தட்டினோமே, அவங்கதான். 2022 டிசம்பர் 31ஓட வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பினாங்க. அது திமுக ஆட்சி. இதுக்குப் பேரு செலவுக் குறைப்பு. பட்ஜெட் உரையில இந்தப் பேர்ல வராது, அவ்வளவுதான்.

12/ நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு அரசு ஆஸ்பத்திரி. ராத்திரி மெடிக்கல் வார்டுல ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். கட்டில் நிறைஞ்சு தரையில பாய் விரிச்சிருப்பாங்க. ஒரு நாள் மூணு மணிக்கு ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல மூச்சுத் திணறல். அந்தம்மா யார்கிட்ட முதல்ல ஓடுவாங்க? காலிப் பணியிடம்னா இதுதான்.

13/ ஓய்வு வயசை 2020ல 58ல இருந்து 59 ஆக்கினாங்க, 2021ல 60. ரிட்டயர்மெண்ட் பணம் தர்றதைத் தள்ளிப்போட்டா கஜானாவுக்கு மிச்சம். வேலைக்குக் காத்திருந்த பசங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு. இதுவும் செலவுக் குறைப்புதான். அறிவிப்புல அப்படிச் சொன்னாங்களா?

14/ "டாக்டர், மத்திய அரசுதானே நம்ம பணத்தை எடுத்துக்குது?" சரி. 15ஆவது நிதிக்குழுப் பகிர்வுல தமிழ்நாட்டுக்கு 4.079%தான். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு அப்புறம் மாநிலம் தன் இஷ்டத்துக்குத் தொடக்கூடிய வரியும் கொஞ்சம்தான்: மது, பெட்ரோல் டீசல், பத்திரப்பதிவு, வண்டி வரி. டெல்லியோட சண்டை போடுங்க, நானும் வரேன். ஆனா நர்ஸை அனுப்பினது டெல்லி இல்ல.

15/ அந்தக் கொஞ்சத்துல எதை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க பாருங்க. 2024-25ல டாஸ்மாக் மூலமா வந்த வரி வருவாய் 48,344 கோடி. அதே வருஷ பட்ஜெட்டுல மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 20,198 கோடி. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி வர்றவங்களை நான் பார்க்கறேன். பெரிய வீட்டுக்கு வரி போட பயம். இந்த வரிக்கு மட்டும் பயமே இல்ல.

16/ பயத்துக்கும் காரணம் உண்டு. நம்ம மண்ணுலயே, 1970 ஜூன் 19, பெருமாநல்லூர். யூனிட்டுக்கு ஒரு பைசா பிரச்சனைக்காகப் போராடின விவசாயிகள் மேல துப்பாக்கிச் சூடு, மூணு பேர் செத்தாங்க. அதுல இருந்து ஆட்சியாளர்கள் "பேசி ஏத்தணும்"னு கத்துக்கிட்டிருக்கணும். கத்துக்கிட்டது "தேர்தல் முடிஞ்சு ஏத்தணும்"னு.

17/ என் யோகியதையும் சொல்லிடறேன். என் வீடு 1,800 சதுர அடிக்கு மேல. 2022ல என் வரியும் டபுள் ஆச்சு. நானும் முனகினேன். அப்புறம் கணக்குப் பார்த்தேன். பதினாலு வருஷம் பழைய வரியையே கட்டிட்டு, அத்தனை வருஷமும் சிறுவாணித் தண்ணி குடிச்சிருக்கேன். அந்தச் சலுகை எனக்குத் தேவையே இல்ல.

18/ அப்ப என்னதான் வழி? ஒண்ணு: ஏத்தறதை வருஷா வருஷம் சின்னதா ஏத்துங்க, தேர்தல் வந்தாலும் நிறுத்தாதீங்க. சொத்து வரியில வருஷம் 6%னு கொண்டு வந்தாங்க. திட்டினோம். ஆனா 14 வருஷம் கழிச்சு 100%க்கு இது எவ்வளவோ மேல். 600 சதுர அடி வீட்டுக்காரரை மட்டும் விட்டுடுங்க.

19/ ரெண்டு: தாங்கறவங்க மேல போடுங்க. என் மாதிரி ஆளுக மேல, பெரிய கட்டடங்க மேல. ஓடாத மெஷின் மேல வேண்டாம். மூணு: குறைக்கறதுன்னா சொல்லிக் குறைங்க. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரி வாசல்லயும் போர்டு வைங்க: அனுமதிச்ச பணியிடம் இத்தனை, காலி இத்தனை, எந்தத் தேதியில இருந்து காலி.

20/ வரி ஏறினா நமக்கு பில்லு வருது. தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் இருக்கும். செலவு குறைஞ்சா எந்த பில்லும் வர்றதில்ல. ராத்திரி மூணு மணிக்கு ஆள் இல்லாத வார்டுலதான் தெரியவரும். பெரும்பாலும் நம்ம வீட்டு ஆளுக்கு இல்லாம, நம்ம பட்டறையில வேலை செய்யறவங்க வீட்டு ஆளுக்கு.

21/ லேத்காரர்கிட்ட இவ்வளவும் சொல்லல, வெளியில பதினஞ்சு பேர் காத்திருந்தாங்க. மாத்திரை எழுதினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்க பட்டறைப் பசங்களுக்கு ஒடம்பு சரியில்லைன்னா எங்கீங்க போவாங்க?" கொஞ்ச நேரம் பேசல. "ஜி.எச்.தானுங்க"ன்னார். அடுத்த தடவை ஓட்டு கேட்டு வர்றவங்க "வரி ஏத்த மாட்டோம்"னு சொன்னா, அப்ப எதைக் குறைப்பீங்கன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.