எனக்குச் சம்பளம், அவளுக்கு ஆயிரம் ரூபாய்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியிலேயே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கணக்கு வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன வாரம் பரமத்தி பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, மாமா முறை ஆகிற உறவினர். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். பேச்சு வழக்கம்போல இலவசத்துக்கு வந்தது. "சும்மா அரிசி, சும்மா பணம். அப்புறம் எவன் அம்மிணி வேலைக்கு வருவான்? கொரோனாவுல ஆரம்பிச்சது, அஞ்சு வருசமாச்சு, இன்னும் நிக்கல" என்றார். ரேஷன் அரிசி 2011 முதலே நம் மாநிலத்தில் விலையில்லாமல்தான் தருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லாமல் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அந்த மீதிதான் இது. மாமாவும் இதைப் படிப்பார்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020 மே 31 அன்று நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த மாதம்தான் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் 60. ஆக 2022 வரை பணியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அகவிலைப்படியை நிறுத்தி வைத்ததற்கு எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த புலம்பல் இருக்கிறதே, அதில் நானும் இருந்தேன். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1996-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அந்த பேட்ச் பிள்ளைகளுக்குப் புரியும். ஒருவன் லண்டனில் ஒரு ஹோட்டலில் கணக்கு பார்க்கிறான். 2020 மார்ச்சில் ஹோட்டலை மூடினார்கள். அந்த நாட்டு அரசாங்கம், வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை என்று வரம்பு வைத்துக் கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை அந்தத் திட்டம் இருந்தது. அவன் போன் செய்து, "டீச்சர், வீட்ல உக்காந்து ரொட்டி சுடக் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தான்.

இன்னொருத்தி பள்ளிபாளையத்தில் இருக்கிறாள். கணக்கில் அவனைவிட அவள்தான் கெட்டி. புருசன் தறி ஓட்டுகிறான், அவள் அதே பட்டறையில் தார் சுற்றுகிறாள். கூலி மீட்டர் கணக்கு. ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. இருவருக்கும் சேர்த்து அப்போது வாரம் மூவாயிரம் வந்துகொண்டிருந்ததாம். மார்ச் 24 சாயங்காலம் நின்ற தறி எட்டு வாரம் ஓடவில்லை. எட்டு மூன்று இருபத்து நாலாயிரம். அரசு கொடுத்தது அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, கூட ஆயிரம் ரூபாய்.

அரிசியைக் குறை சொல்ல மாட்டேன். மத்திய அரசு 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதலாகக் கொடுத்ததும் பெரிய காரியம். அவள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் வாடகை, கரண்டு பில், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, இதையெல்லாம் அரிசியால் கட்ட முடியுமா? அந்த இருபத்து மூவாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? குழுக் கடனிலிருந்து.

ரிசர்வ் வங்கி அந்த மார்ச் 27-ல் தவணையைத் தள்ளிப் போடலாம் என்றது. ஆகஸ்ட் 31 வரை அது நீண்டது. தள்ளிப் போனது தவணைதான், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. தறி நின்றாலும் வட்டி நிற்காது. 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 20 லட்சம் கோடித் தொகுப்பிலும் பெரும்பகுதி கடனும் கடனுக்கான உத்தரவாதமும்தான். சிறுதொழிலுக்கு மட்டும் 3 லட்சம் கோடி. பட்டறை முதலாளிக்கு அது உதவியிருக்கலாம். அவருக்குக் கீழே தார் சுற்றுகிறவளிடம் அந்தப் பணம் எந்த வழியாகப் போய்ச் சேரும்? அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: முதலாளியிடம் முன்பணம். வாங்கினால் அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. அதையும் வாங்கினாள்.

2021 மேயில் இரண்டாவது அலை. புருசனுக்கு வந்து பிழைத்தான். அந்த முறை அரசு இரண்டு தவணையாக நாலாயிரம் கொடுத்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு ஒரு வார வட்டி. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் நிற்கிறது. பையன் ஒன்பதாம் வகுப்பில் ஆல் பாஸ். 2021 செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தது, ஆள் இல்லை. நான் வீட்டுக்குப் போனேன். தறியில் நின்றான். "அடுத்த வருசம் வந்துருவானுங்க டீச்சர்" என்றாள் அவள். வரவில்லை.

2025 ஜூலையில் டி.வி.யைப் போட்டால் பள்ளிபாளையம். கடனில் சிக்கிய விசைத்தறிக் கூலிகளிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி. விசாரணை நடந்தது, நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு வைத்தது. இந்த வியாபாரம் கொரோனாவுக்கு முன்னாலும் இருந்தது, எல்லாப் பழியையும் நோயின் மேல் போட மாட்டேன். ஆனால் வீட்டுக்கடன் பெருகினால் தரகனுக்கு வேலை சுலபம். செய்தி பார்த்த ராத்திரி அவளுக்குப் போன் செய்தேன். கேட்க வாய் வரவில்லை. அவளே, "அப்பிடியெல்லாம் போகலீங்க டீச்சர், பயப்படாதீங்க" என்றாள்.

நூறு நாள் வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கிராம ஊராட்சியோடு அது முடிந்துவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, 2020-ல் நாள் கூலி 256 ரூபாய். அந்தப் பக்கம் நகராட்சி, ஒன்றும் கிடையாது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம். ஊராட்சிக்காரர்களும் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச்சில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு தர வேண்டிய பாக்கி 4,034 கோடி என்று முதல்வர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருந்தது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கொரோனாவுக்குப் பிறகு பொருளாதாரத்தை எப்படி மீட்பது என்று சொல்ல 2020 மேயில் நம் அரசு சி.ரங்கராஜன் தலைமையில் குழு போட்டது. ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுங்கள் என்று எழுதுகிற ரகம் இல்லை. அவர் குழுவே செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் நகரத்துக்கும் வேலை உறுதித் திட்டம் வேண்டும் என்றது. கேரளத்தில் அய்யன்காளி பெயரில் 2010 முதலே இருக்கிறது. ராஜஸ்தான் 2022-ல் தொடங்கியது. நாமும் 2022-ல் நூறு கோடியில் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கினோம். சோதனை என்றால் ரிசல்ட் வர வேண்டாமா? மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

"அது பணக்கார நாடு, பவுண்டில் கொடுப்பான்" என்று மாமா சொல்வார். சரி, 80 சதவீதம் வேண்டாம். பாதி கொடுத்தால் போதும் என்கிறேன். அரசாங்கமே தறியை நிறுத்து என்று சொன்ன எட்டு வாரத்துக்கு வாரம் ஆயிரத்து ஐந்நூறு, மொத்தம் பன்னிரண்டாயிரம். குழுக் கடன் பாதியாகியிருக்கும். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற சாக்கும் இனி செல்லாது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் போகிறது. குழாய் போட்டாகிவிட்டது. அடுத்த நெருக்கடியில் அதில் எவ்வளவு விடுவது என்பதை இப்போதே சட்டமாக எழுதி வைக்கலாம். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் மாநிலச் சட்டம் வந்ததை வரவேற்கிறேன். ஆனால் கடன்காரன் மரியாதையாக வந்து கேட்டாலும் கடன் கடன்தானே.

கடைசியாக மாமாவுக்கு ஒன்று. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழியால் கொரோனா வருகிறது என்று எவனோ கிளப்பிவிட, உங்கள் முட்டை விலை என்ன ஆனது என்று நினைவிருக்கும். கூடவே பள்ளிக்கூடமும் மூடியது. வாரம் ஐந்து முட்டை என்று சத்துணவுக்குப் போய்க்கொண்டிருந்ததும் நின்றது. நாமக்கல்லில் முட்டை தேங்கிக் கிடந்தது, நாமக்கல் பிள்ளை முட்டை இல்லாமல் இருந்தது. பிறகுதான் அரிசி, பருப்பு, முட்டை என்று வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்று நீங்களே என்னிடம் "பள்ளிக்கூடம் எப்ப அம்மிணி திறக்கும்?" என்று கேட்டீர்கள். அந்த இலவச முட்டை யாருடைய வருமானம் மாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த விசேஷத்தில் பக்கத்து இலையிலேயே உட்காருகிறேன்.

பையனுக்கு இப்போது 19 வயது. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்று பேசி, ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். இரண்டு வாரம் வந்தான். மறக்கவில்லை, அம்மா மூளை. போன ஞாயிறு பாவு பிணைக்கிற வேலை என்று வரவில்லை. கணக்கும் அறிவியலும் நான் பார்த்துக்கொள்வேன். திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களில் ஆங்கிலம் சொல்லித் தர யாருக்காவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒழியுமானால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.