அதிகாரமும் நிதியும் சேர்ந்தே வர வேண்டும்

அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இக்குழுவின் கடமை. ஆனால், அத்திட்டத்தை நிறைவேற்ற அதன் கையில் என்ன இருக்கிறது?

சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் 100 மாணவர்கள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுப் பள்ளி மானியம் 25,000 ரூபாய். அதாவது குழந்தைக்கு 250 ரூபாய். மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கழிப்பறைத் தூய்மை, கற்பித்தல் பொருட்கள் அனைத்தையும் இதற்குள் சமாளிக்க வேண்டும். காலியான ஆசிரியர் பணியிடத்தையோ இடிந்த வகுப்பறையையோ பற்றிக் குழு தீர்மானம் நிறைவேற்றலாம், முடிவெடுக்க முடியாது.

அதிகாரம் மேல்நோக்கிக் குவிவது புதிதல்ல. அவசரநிலைக் காலத்தில், 1976இல் 42வது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 2004 முதல் மக்களிடம் வசூலிக்கப்படும் கல்வி மேல்வரி, மாநிலங்களுடன் பகிரப்படும் வரித்தொகுப்பில் சேர்வதில்லை. இதன் உச்சமாக, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத காரணத்தால் 2024-25இல் தமிழ்நாட்டிற்குரிய சுமார் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை மோடி அரசு நிறுத்தி வைத்தது. நிதியைப் பிடித்து வைத்திருப்பவரே பள்ளியின் கொள்கையையும் ஆணையிடுவார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் பள்ளிகளுக்குத் தன்னாட்சி அளித்துவிட்டால் போதுமா? இங்கே எச்சரிக்கை தேவை. உயர்கல்வியில் தன்னாட்சி என்ற சொல் சுயநிதிப் பாடப்பிரிவுகளுக்கும் கட்டண உயர்வுக்கும் வாசல் திறந்ததை நாம் கண்டோம். 2020 கல்விக் கொள்கையோ கொடையாளர்களின் பங்களிப்பைப் போற்றுகிறது. நிதியின்றித் தரப்படும் அதிகாரம், அரசின் பொறுப்பைப் பெற்றோரின் தலையில் இறக்கி வைக்கும் தந்திரமே.

இதற்கு மாற்றாக, இடதுசாரிகள் நடத்திக் காட்டிய அனுபவம் உண்டு. 1996இல் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பிலும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்துகளின் பொறுப்பிலும் இருந்தன. அதே வேளையில் ஆசிரியர் ஊதியம் மாநில அரசின் பொறுப்பாகவே நீடித்தது. இந்த இரண்டாவது அம்சத்தை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊதியச் சுமையும் உள்ளூருக்கு மாற்றப்பட்டிருந்தால் செழிப்பான ஊருக்கு ஒரு பள்ளி, ஏழை ஊருக்கு வேறொரு பள்ளி என்றாகியிருக்கும்.

எனவே நமது கோரிக்கை தெளிவானது. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும். கோத்தாரி குழு 1966இல் வலியுறுத்திய, தேசிய வருமானத்தில் 6 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வர வேண்டும். மேல்வரி வருவாய் மாநிலங்களுடன் பகிரப்பட வேண்டும். நிபந்தனையற்ற நிதியும் அதைச் செலவிடும் அதிகாரமும் உள்ளாட்சிகளுக்கும் பள்ளிக் குழுக்களுக்கும் சட்டப்பூர்வமாக உறுதி செய்யப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தோழர்கள் எத்தனை பேர் பள்ளிக் குழுவில் இருக்கிறோம்? அங்கே தயாராகும் வளர்ச்சித் திட்டத்தை ஊரறிய வாசித்து, அதற்கான நிதியைக் கேட்டுப் பெற்றோரைத் திரட்டுவதே இந்தப் போராட்டத்தின் முதற்படி.