ஹைடென்ஷன் லைன் பக்கத்துல மனை வாங்கலாமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்!

மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பக்கம் மனை பார்க்கப் போனவர்களுக்கு டவர் லைன்கள் பழக்கமான காட்சி. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மின்சாரமே 230 கிலோவோல்ட் லைன்களில்தான் வெளியே போகிறது. 'பக்கத்துல குடியிருந்தா கேன்சர் வரும்' என்கிறது வாட்ஸ்அப். 'ஒண்ணும் ஆகாது சார்' என்கிறார் புரோக்கர். ரெண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி காந்தப்புலம் உருவாகும். இதை 1820-ல் கண்டறிந்தவர் ஆர்ஸ்டெட். ஒற்றை நேர்க்கம்பி என்றால் கணக்கு ஈஸி: ஆம்பியரை 0.2-ஆல் பெருக்கி, மீட்டரில் தூரத்தால் வகுத்தால் விடை மைக்ரோடெஸ்லாவில் கிடைக்கும். கவனிங்க, இதில் வோல்டேஜுக்கு இடமே இல்லை!

உதாரணமாக 300 ஆம்பியர், 20 மீட்டர் தூரம் என்றால் 3 மைக்ரோடெஸ்லா. நிஜ லைனில் மூன்று பேஸ்களின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு குறைத்துவிடும். 2010-ல் ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச அமைப்பு பொதுமக்களுக்குச் சொன்ன வரம்பு 200.

அப்போ கவலையே இல்லையா? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2002-ல் இதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு லேசான தொடர்பு தெரிந்தது. ஆனால் இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை.

பீதி வேண்டாம், தகவல் வேண்டும். பீச் எத்தனை நிமிஷம்னு பிரவுச்சரில் போடுறாங்க. லைன் எத்தனை மீட்டர், எத்தனை ஆம்பியர்னும் போடட்டும். மீதிக் கணக்கை நாமே போட்டுக்கலாம்.