மடிக்கணினிப் பை வாங்கும் முன்

சங்கத்தின் பேரேடும் நாட்குறிப்பும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலம் மாறி, அவற்றில் பெரும்பகுதி இன்று கணினிக்குள் குடியேறிவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். நெசவாளர் சங்கங்களிலும் பாவு கொடுத்த கணக்கு, கூலிக் கணக்கு, விற்பனைக் கணக்கு யாவும் இவ்வழிக்கே வந்துகொண்டிருக்கின்றன. காரியதரிசியோ கணக்கரோ மடிக்கணினியை முதுகில் சுமந்துகொண்டு வங்கிக்கும் தணிக்கைக்கும் கண்காட்சிக்கும் போய்வருவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பையைப் பற்றியே இங்குச் சிறிது எழுதப் புகுகிறோம். பைதானே என்று எண்ணுவோர், அதனுள் இருப்பது அங்கத்தினர்களின் கணக்கு என்பதையும், அதனைச் சுமப்பது நமது ஊழியரின் தோள் என்பதையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை போட்டவரிடம் சரக்கு எடுப்பது சங்கங்களில் நிலைத்துவிட்ட முறை. முறையில் குற்றமில்லை. கேட்கும் சரக்கு இன்னதென்று தெளிவாக எழுதிக் கேட்கும்போதுதான் அது நியாயமாக நடக்கும். “லேப்டாப் பை, 6 எண்ணம்” என்று மட்டும் எழுதிவிட்டு விலையை ஒப்பிட்டால், மிக மட்டமான பையைக் கொண்டுவருபவருக்கே ஆர்டர் போய்ச் சேரும். நூல் வாங்கும்போது நாம் இப்படிச் செய்கிறோமா? நம்பரும் முறுக்கும் கேட்காமல் விலையை மட்டும் பார்த்து நூல் எடுத்த கமிட்டியைப் பொதுச் சபையில் அங்கத்தினர்கள் சும்மா விடுவார்களா? பை விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

துணியிலிருந்து தொடங்குவோம், அது நமக்குத் தெரிந்த சங்கதி. பை வியாபாரிகள் “600 டி”, “1000 டி” என்று பெருமையாகச் சொல்வார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிற்கிறதோ அத்தனை டெனியர். நமது பருத்தி நூல் நம்பர் இதற்கு நேர் எதிரானது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குமோ அதுவே நம்பர் ஆகையால், நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது; டெனியர் ஏற ஏற இழை தடிக்கிறது. 5,315 என்ற எண்ணை நூல் நம்பரால் வகுத்தால் ஏறக்குறைய டெனியர் வந்துவிடும். 20ஆம் நம்பரில் இரட்டை முறுக்கு நூல், ஒற்றைக் கணக்கில் 10ஆம் நம்பர். அதாவது சுமார் 530 டெனியர். எனவே 600 டெனியர் என்பது நாம் அன்றாடம் கையாளும் 2/20 நூலைவிடச் சற்றே தடித்தது, அவ்வளவுதான். எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இழை தடித்திருந்தும் நெசவு தளர்ந்திருந்தால் பயனில்லை என்பதை நெசவாளருக்கு யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? பையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; நகத்தால் இழையை ஒதுக்கிப் பாருங்கள். ஒதுங்கினால் அந்தப் பையை வைத்துவிடலாம்.

நைலான் உராய்வைத் தாங்குவதில் பாலியெஸ்டரைவிட வலியது. வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டரே மேல். நாள்தோறும் வெயிலில் இரு சக்கர வாகனத்தில் செல்லும் ஊழியருக்கு நெருக்கமாக நெய்த 600 டெனியர் பாலியெஸ்டர் போதும் என்றே கருதுகிறோம். நீர் புகாதிருக்கத் துணியின் உட்புறத்தில் பூச்சு பூசியிருப்பார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அப்பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து உரியும். மேலும் மழைநீர் பெரும்பாலும் புகுவது ஜிப் வழியாகவும் தையல் துளை வழியாகவுமே. ஆதலால் “வாட்டர்புரூஃப்” என்ற சீட்டை நம்பிக் கார்த்திகை மழையில் இறங்குவது விவேகமல்ல. மேலே போர்த்தும் மழையுறை ஒன்று பையுடன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதே நல்லது.

பை முதலில் கெடும் இடம் துணியல்ல. ஜிப்பும் தோள்வாரின் அடிமூட்டும்தான். ஜிப்பின் பல்வரிசை மூடிய நிலையில் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலமோ அதுவே அதன் நம்பர். 5ஆம் நம்பர் சிறு அறைக்குச் சரி. பெரிய அறைக்கு 8 அல்லது 10 வேண்டும். ரன்னரை ஒரு கையால் மூலை திருப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூலையில் திக்கும் ஜிப் ஆறு மாதத்தில் வாய் பிளக்கும். தோள்வார் பையுடன் சேருமிடத்தில் ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் அதனைத் தொட வேண்டாம். சதுரமாகத் தைத்து நடுவே குறுக்கும் மறுக்குமாக மீண்டும் தைத்திருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 15.6 அங்குலம் என்பது திரையை மூலைக்கு மூலை அளந்த அளவேயன்றி இயந்திரத்தின் நீளமோ அகலமோ அன்று. ஒரே அளவுத் திரை கொண்ட இரண்டு கணினிகள் கனத்திலும் விளிம்பிலும் வேறுபடும். கணினியைக் கடைக்கே எடுத்துச்சென்று வைத்துப் பார்ப்பது உத்தமம். அப்போது கணினி அறைக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பாருங்கள். அந்த அறை பையின் அடியைத் தொடாமல் ஓர் அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். அவ்வாறின்றி அடியில் ஒற்றைத் துணி மட்டும் இருந்தால், பேருந்தில் பையைப் பொத்தென்று கீழே வைக்கும்போது அடி முழுவதும் கணினிக்கே. முன்புறம் எத்தனை ஃபோம் வைத்துக் கொழுகொழுவென்று தைத்திருந்தாலும் இக்குறையை அது ஈடு செய்யாது.

கமிட்டியார் மேசைமேல் வைத்துப் பார்த்துப் பையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையும் நாம் ஆட்சேபிக்கிறோம். சுமப்பவர் யாரோ அவர் கணினியும் சார்ஜரும் தண்ணீர்ப் புட்டியும் கட்டுக் காகிதமும் வைத்து, இரு தோளிலும் மாட்டிக் கடைக்குள் பத்து நிமிஷம் நடக்கட்டும். உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண் ஊழியர் பலருக்கு, நீண்ட பை இடுப்புக்குக் கீழே தொங்கித் தோளைப் பின்னுக்கு இழுக்கும். வண்டியில் அமர்ந்தால் அடி இருக்கையில் இடித்துப் பை மேலே எழும்பும். காலிப் பையே ஒரு கிலோவுக்கு மேல் நின்றால், நாள்தோறும் நகரப் பேருந்தில் நின்று செல்பவருக்கு அது பொருந்தாது. நெரிசலில் பையை முன்புறம் மாட்டிக்கொள்ளத் தோள்வார் எளிதில் நீளவும் குறுகவும் வேண்டும். விமானத்தில் செல்வது அபூர்வம். ஆயினும் டில்லிக் கண்காட்சிக்குச் செல்வோர் கவனத்துக்கு ஒன்று: பவர் பேங்கைக் கையோடு கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்க விதி இடந்தராது.

இனி, நமது தறித் துணியிலேயே இப்பைகளைத் தைத்தாலென்ன என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தடித்த பருத்தித் துணி நனைந்தால் வலுக் குறைவதில்லை, கூடவே செய்கிறது. ஆனால் நீரைக் குடித்துக் கனக்கும், காயத் தாமதமாகும், மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பற்றுக்காக இவற்றை மறைத்து விற்றால், ஒரு மழைக்காலம் கழித்துச் சங்கத்தின் பெயர்தான் கெடும். வெளிப்புறம் நமது துணி, உட்புறம் நீர் புகாத உள்துணி, அடியிலும் முதுகிலும் ஃபோம், தோளுக்கு நைலான் நாடா என்று கலந்து தைப்பதில் யாதொரு இழிவும் இல்லை. நூறு, இருநூறு என்று முதலில் ஆர்டர் எடுக்க வேண்டாம். பத்துப் பை தைத்து, அவற்றைச் சங்க ஊழியர்களிடமே கொடுத்து, ஐப்பசி முதல் தை வரை சுமக்கச் செய்து, எங்கே நைந்தது, எங்கே நனைந்தது என்று எழுதி வாங்கிய பிறகு விலை போடலாம்.