கழுதைக்கு அனுமதி உண்டு, மனிதனுக்கு இல்லை

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பெயர், தேதி, வேலைப்பாடு என்று ஒவ்வொரு கல்லையும் அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். கடல் கடந்து கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே செத்துப்போனவர்கள். அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஐரோப்பாவரை பேசப்பட்ட சதுரங்கப்பட்டினத்து மஸ்லினை நெய்தவர்கள் பெயரும் இல்லை. 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கடலில் பிரெஞ்சுக்காரர் சுஃப்ரானும் ஆங்கிலேயர் ஹியூஸும் கப்பல்களை நிறுத்தி அடித்துக்கொண்டார்கள். கடற்படை வரலாற்றில் அதற்கு 'சதுரங்கப்பட்டினப் போர்' என்றே பெயர். ஊர் நம்முடையது, சண்டை வேறு யாருடையதோ!

வெளிநாட்டுப் படைத்தளம் என்றால் எப்போதுமே இப்படித்தான். தளத்துக்கு உள்ளே இருந்தவனுக்கு நினைவு உண்டு, கல் உண்டு, புத்தகம் உண்டு. தளம் யாருடைய மண்ணில் நின்றதோ அவனுக்கு ஒன்றும் கிடையாது. "அதெல்லாம் கம்பெனிக் காலத்துக் கதை, இப்போது எதற்கு?" என்று கேட்பவர்கள், இதே கடலில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1800 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டியகோ கார்சியாவைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது இதுதான். பெரியது என்றாலும் நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இறங்க மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை இங்கே உண்டு. 1991 வளைகுடாப் போர், 2001 ஆப்கானிஸ்தான், 2003 ஈராக் மூன்றுக்கும் பி-52 விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 2025-ல் பி-2 விமானங்கள் வந்து நின்றன. மேலிருந்து பார்த்தால் தீவு ஒரு பாதச்சுவடு போல இருக்கும். அதனால் அமெரிக்கப் படையினர் வைத்த செல்லப்பெயர் 'ஃபுட்பிரிண்ட் ஆஃப் ஃப்ரீடம்', அதாவது விடுதலையின் பாதச்சுவடு.

அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய படைவீரர்களின் நினைவுகளைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். நீல நிறக் காயல், மீன்பிடிப்பு, தென்னை மரம் ஏறும் பெரிய நண்டு, கிளப், விளையாட்டுப் போட்டி... கூடவே கழுதைகளும் வரும். பழைய தென்னந்தோப்புக் காலத்தில் எண்ணெய்ச் செக்கு இழுத்த கழுதைகளின் வாரிசுகள் இன்றும் தீவில் திரிகின்றன. கிழக்குக் கரையில் பழைய தோட்டத்து மாளிகையும் தேவாலயமும் நிற்கின்றன. தளத்துக்காரர்கள் ஓய்வு நேரத்தில் அவற்றைப் பழுது பார்ப்பதும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் கழுதையை வளர்த்தவன் எங்கே? தேவாலயத்தில் மணி அடித்தவன் எங்கே?

விரட்டிவிட்டார்கள். 1968-க்கும் 1973-க்கும் இடையில் சாகோஸ் தீவுகளில் இருந்த 1500 முதல் 2000 பேர் வரை அத்தனை பேரையும் மொரீஷியஸிலும் சேஷெல்ஸிலும் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பின்னால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் என எல்லோருடைய வம்சமும் கலந்த மக்கள் அவர்கள். தேங்காய் உரித்து, கொப்பரை காயவைத்து, ஐந்தாறு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள்.

விரட்டிய முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் யாரையும் அடிக்கவில்லை. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்களிடம், "திரும்பிப் போகக் கப்பல் இல்லை" என்றார்கள். பிறகு தீவுக்கு வரும் உணவுப்பொருளும் மருந்தும் குறைந்தன. 1971-ல் டியகோ கார்சியாவில் மிச்சமிருந்தவர்களை வெளியேற்றும்போது அவர்களின் வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அன்றைய சேஷெல்ஸ் ஆளுநர் புரூஸ் கிரேட்பேட்சின் உத்தரவு அது. கப்பலில் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம், மனிதர்களுக்குச் சரக்கு அறையில் இடம் என்று பயணம் செய்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மொரீஷியஸின் குடிசைப் பகுதிகளில் எத்தனையோ பேர் 'சாக்ரென்' வந்து செத்தார்கள் என்று சாகோஸ்காரர்கள் சொல்வது உண்டு. சாக்ரென் என்றால் அவர்கள் மொழியில் துயரம். ஊரை நினைத்தே சாவது. இதுவும் டியகோ கார்சியாவின் நினைவுதான். ஆனால் கிளப் நினைவுகளோடு சேர்த்து யாரும் இதை அச்சடிப்பதில்லை.

இந்தத் தளத்தை நியாயப்படுத்துகிறவர்கள் பொதுவாக நான்கு வாதங்களை வைக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "அங்கே நிரந்தரக் குடிகளே கிடையாது, ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான்."

இது உண்மையல்ல, திட்டமிட்டுச் செய்த புனைவு. நிரந்தரக் குடிகள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் எல்லோரையும் 'வந்து போகும் கூலிகள்' என்று காகிதத்தில் மாற்றினார்கள். 1966-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பில் அந்த மக்களை டார்ஜான் என்றும் ஃப்ரைடே என்றும் கேலி செய்திருக்கிறார்கள். பின்னாளில் அது நீதிமன்றத்திலேயே வெளிவந்து நாறியது. கடற்பறவைகள் மட்டுமே வாழும் தீவாக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

வாதம் 2: "இழப்பீடு கொடுத்தாயிற்றே!"

கணக்கு என்று வந்துவிட்டால் முழுசாகவே பார்த்துவிடலாம். மொரீஷியஸ் விடுதலை பெறும் முன், 1965-ல் சாகோஸைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ள பிரிட்டன் கொடுத்த தொகை 30 லட்சம் பவுண்டு. தீவை அமெரிக்காவுக்கு விட்டதற்குப் பிரிட்டனுக்குக் கிடைத்தது, போலாரிஸ் ஏவுகணை விலையில் சத்தமில்லாமல் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி. இது 1970-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தெரியாது. விரட்டப்பட்டவர்களுக்கு? 1972-ல் ஒப்புக்கொண்ட 6 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு 1977-78 வாக்கில்தான் குடும்பங்களின் கைக்கு வந்தது. அதற்குள் விலைவாசி ஏறியதில் பாதி மதிப்பு கரைந்துபோயிருந்தது. 1982-ல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு. அதிலும் சேஷெல்ஸில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு ஒரு காசு கிடையாது. பணம் வாங்கப் போனவர்களிடம் ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரிடம் வாங்கிய கைநாட்டு ஒப்பந்தம் ஆகுமா? வணிகச் சட்டத்தின் முதல் பாடமே உண்மையான சம்மதம் வேண்டும் என்பதுதானே!

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. டியகோ கார்சியா பேரேட்டில் எல்லா வரவும் அரசாங்கங்களின் பெயரில், எல்லாப் பற்றும் மக்களின் பெயரில். பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஐந்தொகை சமமாகிவிட்டது என்கிறார்கள்.

வாதம் 3: "பழசைக் கிளறாதீர்கள், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது."

பழசா? 2000 நவம்பரில் ஒலிவியே பான்கூ என்ற சாகோஸ்காரர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 2004-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கே போகாமல், ராணியின் ஆணை மூலம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. 2008-ல் பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்று அரசுப் பக்கம் சாய்ந்தது. 2010-ல் திடீரென்று தீவுகளைச் சுற்றிக் கடல் பாதுகாப்புப் பகுதி அறிவித்தார்கள். மக்கள் திரும்பி வருவதைத் தடுக்க இது உதவும் என்று ஓர் அதிகாரி அமெரிக்கர்களிடம் சொன்னது விக்கிலீக்ஸில் அம்பலமானது. பவளப்பாறைக்கு வந்த பாசம் மனிதனுக்கு வரவில்லை. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி தவறு, பிரிட்டன் விலக வேண்டும் என்று கருத்துரைத்தது. அந்த மே மாதம் ஐ.நா. பொதுச்சபையும் 116-க்கு 6 என்று அதையே சொன்னது.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரீஷியஸுக்கு, தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு வாடகை. சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி. மற்ற தீவுகளில் அவர்களைக் குடியேற்ற வழி உண்டு, டியகோ கார்சியாவில் மட்டும் கிடையாது. 1965 பேரமும் 2025 ஒப்பந்தமும் ஒரே மாதிரி இருப்பது எதில் தெரியுமா? இரண்டு முறையும் மேசையில் அரசாங்கங்களுக்கு மட்டும்தான் நாற்காலி. சாகோஸ்காரர்களில் ஒப்பந்தத்தை வரவேற்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. எந்தப் பக்கமானாலும் முடிவு அவர்கள் கையில் இல்லை.

வாதம் 4: "இதெல்லாம் யாரோ எவரோ, தமிழனுக்கு என்ன வந்தது?"

2021 அக்டோபர் 3 அன்று 89 இலங்கைத் தமிழர்களோடு ஒரு மீன்பிடிப் படகு அந்தத் தீவை ஒட்டித் தத்தளித்தது. குழந்தைகளும் இருந்தார்கள். கனடா போய்த் தஞ்சம் கேட்கப் புறப்பட்டவர்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியகோ கார்சியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் கூடாரம்தான் வாழ்க்கை. சுற்றிலும் வேலி, காவல், கூடாரத்துக்குள் எலி. உண்ணாவிரதம் இருந்தார்கள், தற்கொலைக்கு முயன்றார்கள். அவர்களின் வழக்கை விசாரிக்கத் தீவுக்கு வரவேண்டிய நீதிமன்றத்துக்கே 2024 ஜூலையில் அமெரிக்கா அனுமதி மறுத்தது. பிரிட்டனின் மண் என்று சொல்லப்படும் இடத்தில் பிரிட்டிஷ் நீதிபதியால் இறங்க முடியவில்லை! செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. 2024 டிசம்பரில் பெரும்பாலோரை பிரிட்டனுக்கு அழைத்துப்போனார்கள். அதே மாதம் 16-ஆம் தேதி, அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், பெயர்தான் முகாம், உண்மையில் சிறை என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிளப்பும் பந்தயமும், இந்தப் பக்கம் தமிழ்க் குழந்தையின் கூடாரம். இருவருக்கும் அதே தென்னை, அதே கடல். நாளைக்கு டியகோ கார்சியா நினைவுகள் என்று ஒரு புத்தகம் வந்தால் அதில் எந்தப் பக்கம் இருக்கும்?

இவ்வளவு பேசிவிட்டு இந்தியாவை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது. இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்ற இலங்கையின் யோசனையை 1971 டிசம்பரில் ஐ.நா. ஏற்றது. அந்தப் பத்தாண்டு முழுக்க டியகோ கார்சியாவை எதிர்த்துக் குரல் கொடுத்த நாடு இந்தியா. இன்றைக்கு அதே கடலில், மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில், இந்தியப் பணத்தில் 3 கிலோமீட்டர் ஓடுபாதையும் இறங்குதுறையும் எழுந்துவிட்டன. 2024 பிப்ரவரி 29 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்து வைத்தார்கள். அது ராணுவத் தளம் அல்ல என்று மொரீஷியஸ் சொல்கிறது. சுமார் 300 பேர் வாழும் தீவுக்கு அவ்வளவு நீளமான ஓடுபாதை எதற்கு என்று தீவுக்காரர்கள் கேட்கிறார்கள். தாங்களும் இன்னொரு சாகோஸ் ஆகிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

சீனாக்காரன் வருகிறான், இந்தியாவுக்குக் கடல் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் 1966-ல் லண்டனிலும் வாஷிங்டனிலும் "ரஷ்யாக்காரன் வருகிறான்" என்று சொல்லித்தான் இதே கதையைத் தொடங்கினார்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முன்னால் 300 பேர் எப்போதுமே சின்ன எண்ணிக்கைதான். அதனால்தான் அவர்களுக்கு எழுத்தில் உறுதி வேண்டும். அகலேகாவில் பிறந்த எவரையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியேற்ற மாட்டோம் என்று இரு அரசுகளும் சட்டமாகவே எழுதித் தரட்டும். அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதட்டும், கைநாட்டு வாங்கும் தாளாக வேண்டாம். டியகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தத் தீவிலேயே வாழவும், தளத்தில் வேலை பார்க்கவும் உரிமை வேண்டும் என்று இந்தியா வாய் திறந்து கேட்கட்டும். வேறு நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து தங்கி வேலை பார்க்கும் தீவில், அந்த மண்ணில் பிறந்தவனுக்கு மட்டும் இடமில்லை என்பது என்ன நியாயம்?

தளத்தில் இருந்தவர்கள் தங்கள் இளமைக் காலத்தை நினைத்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. சம்பளத்துக்குப் போன சாதாரணச் சிப்பாய் யாரையும் விரட்டவில்லை. ஆனால் கழுதைகளைப் படம் எடுத்துப் போடும்போது, இது யார் வீட்டுக் கழுதை என்றும் ஒரு வரி எழுதினால் என்ன?